உலாவியை மாற்றினால் யாருடைய பார்வையிலிருந்து விலகலாம்?

இணைய விளம்பரங்கள் நம்மைப் பின்தொடர்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைத் தொடர்ந்து, தனியுரிமைக்கு முதலிடம் தரும் உலாவிகளைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: கைபேசியிலும் கணினியிலும் நான் குரோம் உலாவியைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். தனியுரிமை காக்கும் உலாவி ஒன்றுக்கு மாறும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். மாறினால் உண்மையில் என்ன வேறுபாடு ஏற்படும்? எனக்கு மறைப்பதற்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: தங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் விடை சொல்கிறேன். மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர்களும் உடலில் தோன்றிய ஒரு கட்டியைப் பற்றி நள்ளிரவில் தேடிப் பார்க்கிறார்கள். கடன் வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள். மேலதிகாரிக்குத் தெரியாமல் வேறு வேலை தேடுகிறார்கள். இவற்றில் குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் இவை அனைத்தையும் ஒரே சரமாகக் கோத்து, நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு விளம்பர நிறுவனம் வைத்துக்கொள்வதற்கு நாம் மனமறிந்து இசைவு தந்ததில்லை. கேட்காமல் எடுத்துக்கொள்ளப்பட்ட அந்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதே என் உறுதியான கருத்து.

இந்தச் சரம் எப்படிக் கோக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது நம் உலாவி அந்தத் தளத்தின் சர்வரோடு மட்டும் பேசுவதில்லை. அதே பக்கத்தில் பொதிந்திருக்கும் விளம்பரங்கள், வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் நிரல்கள், சமூக ஊடகப் பொத்தான்கள் ஆகியவற்றுக்காக வேறு பல நிறுவனங்களின் சர்வர்களோடும் அது பேசுகிறது. அவை ஒவ்வொன்றும் நம் உலாவியில் குக்கீ எனப்படும் சிறு குறிப்பு ஒன்றை விட்டுச்செல்ல முடியும். 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மொன்டூலி குக்கீயை உருவாக்கியபோது, ஒரு தளம் தன்னிடம் முன்பே வந்தவரை அடையாளம் கண்டுகொள்ளவும், கடைக்கூடையில் அவர் இட்ட பொருள்களை மறக்காமல் இருக்கவும் அது பயன்பட வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரக்கணக்கான தளங்களில் இடம்பெறத் தொடங்கியதும், நாம் காலையில் படித்த செய்தி, நண்பகலில் பார்த்த காலணி, இரவில் தேடிய மருந்து ஆகிய மூன்றும் ஒரே ஆளுக்குரியவை என்று அந்த நிறுவனத்தால் இணைத்துப் பார்க்க முடிந்தது. பிற நிறுவனங்கள் இவ்வாறு விட்டுச்செல்பவற்றையே மூன்றாம் தரப்புக் குக்கீகள் என்கிறோம்.

தனியுரிமை உலாவிகள் முதலில் அறுப்பது இந்த இணைப்பைத்தான். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகள் அனைத்தையும் இயல்பாகவே தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ், அறியப்பட்ட பின்தொடர் நிரல்களின் குக்கீகளை 2019 முதலே தடுத்து வந்தது. 2022 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கும் முறையைக் கணினிப் பயனர்கள் அனைவருக்கும் இயல்பாக்கியது. பிரேவ், டக்டக்கோ போன்றவை பின்தொடர் நிரல்களை ஏற்றுவதற்கு முன்பே தடுத்துவிட முயல்கின்றன. குரோமின் நிலை வேறு. மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. இறுதியில் 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அமைப்புகளுக்குள் சென்று பயனரே அவற்றைத் தடுத்துக்கொள்ளலாம் என்றாலும், எதையும் மாற்றாதவருக்குக் குரோமின் வழக்கமான சாளரத்தில் அவை இன்றும் இயங்குகின்றன. பெரும்பாலோர் எதையும் மாற்றுவதில்லை என்பதால், ஓர் உலாவி இயல்பாக எப்படி வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாறாதவற்றையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலிலோ சமூக ஊடகத்திலோ தங்கள் பெயரில் உள்நுழைந்த பிறகு, அந்தத் தளத்துக்குள் தாங்கள் செய்வது எல்லாம் அந்தத் தளத்துக்குத் தெரியும். எந்த உலாவியாலும் அதைத் தடுக்க இயலாது. தாங்கள் செல்லும் தளங்களின் பெயர்கள் இணையச் சேவை தரும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரியும். தரவை மறையாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்கும் தளம் என்றால் அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், எதைத் தட்டச்சு செய்தீர்கள் என்பது மட்டும் அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே உலாவியை மாற்றுவதற்கு முன் யாருடைய பார்வையிலிருந்து விலக விரும்புகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தளம் தளமாகப் பின்தொடரும் விளம்பர நிறுவனங்கள் என்பது விடையானால், உலாவி மாற்றம் நல்ல பயன் தரும்.

கேள்வி: குரோமிலேயே மறைநிலைச் சாளரம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் போதாதா?

பதில்: போதாது. மறைநிலைச் சாளரம், அதே கருவியைப் பயன்படுத்தும் மற்றவர்களிடமிருந்து தங்கள் உலாவல் வரலாற்றை மறைக்கிறது. சாளரத்தை மூடியதும் அப்போது சேர்ந்த குக்கீகளை அழிக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கீகளை அந்தச் சாளரத்தில் குரோம் இயல்பாகவே தடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் தாங்கள் எந்த இணைப்பிலிருந்து வருகிறீர்கள் என்று காட்டும் ஐ.பி. முகவரி தளங்களுக்குத் தெரிகிறது, பின்தொடர் நிரல்கள் ஏற்றப்படுகின்றன, தாங்கள் உள்நுழைந்தால் தங்கள் பெயரும் தெரிந்துவிடுகிறது. இந்த வேறுபாடு பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று 2020 ஜூனில் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2024 ஏப்ரலில் வெளியான சமரச உடன்பாட்டின்படி, மறைநிலைச் சாளரங்களிலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், அந்தச் சாளரத்தின் தொடக்கப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைத் திருத்தவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த விளக்கத்தை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள்.

வேறு ஒருவரின் கணினியில் மின்னஞ்சல் பார்க்க வேண்டியபோது மறைநிலைச் சாளரம் மிகவும் பொருத்தமானது. அன்றாடப் பாதுகாப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: தனியுரிமை உலாவி ஒன்றை நிறுவி, எல்லாத் தடுப்புகளையும் இயக்கிவிட்டு, சோதனைத் தளம் ஒன்றுக்குச் சென்றேன். "உங்கள் உலாவி தனித்து அடையாளம் காணத்தக்கது" என்று அது சொல்கிறது. குக்கீயே இல்லாதபோது என்னை எப்படி அடையாளம் காண முடியும்?

பதில்: இக்கேள்வி நுட்பமானது; ஆகவே சற்று விரிவாகவே விடை எழுத வேண்டும். ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காக உலாவி தன்னைப் பற்றிப் பல செய்திகளைத் தளத்துக்குத் தருகிறது: திரையின் அளவு, இயங்குதளம், மொழி, நேர மண்டலம், நிறுவப்பட்ட எழுத்துருக்கள், வரைகலைச் சில்லின் தன்மை. இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக யாரையும் காட்டிக் கொடுக்காது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அதே சேர்க்கை கொண்ட மற்றொரு கருவியைக் காண்பது அரிதாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வரையும்படி உலாவிக்குக் கட்டளையிட்டு, அது வரைந்த விதத்தில் உள்ள மிகச் சிறு வேறுபாடுகளை அளக்கும் முறையும் உண்டு. உலாவியின் விரல்ரேகை என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். குக்கீயை அழித்துவிடலாம், இந்த ரேகை நம் கருவியில் எங்கும் எழுதி வைக்கப்படாததால் அழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பனாப்டிகிளிக் என்ற சோதனைத் தளத்துக்கு வந்த சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் உலாவிகளில் 83.6 விழுக்காடு மற்றெதனோடும் ஒத்துப்போகாத ரேகையைக் கொண்டிருந்தன. தாமாக முன்வந்து சோதித்துக்கொண்டவர்களின் உலாவிகள் அவை என்பதால், அந்த விழுக்காட்டை உலகம் முழுவதுக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் இந்த வழியில் அடையாளம் காண முடியும் என்பதை ஐயமின்றி நிறுவிய ஆய்வு அது. அத்தளம் இப்போது கவர் யுவர் டிராக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

இதை எதிர்கொள்ள உலாவிகள் இரண்டு வேறு வழிகளைப் பின்பற்றுகின்றன. அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவியும், டோர் திட்டக் குழுவினரும் முல்வாட் என்ற தனியுரிமைச் சேவை நிறுவனமும் சேர்ந்து 2023 ஏப்ரலில் வெளியிட்ட முல்வாட் உலாவியும், தம் பயனர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்கின்றன. ஒரே சீருடை அணிந்த கூட்டத்தில் ஒருவரைத் தேடி எடுப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினத்தைப் பின்தொடர்பவருக்கு ஏற்படுத்துவதே அவற்றின் நோக்கம். அதற்காக டோர் உலாவி, சாளரத்தின் ஓரங்களில் வெற்றிடம் விட்டுப் பக்கத்தின் அளவைக்கூட முன்பே வகுத்த சில அளவுகளுக்குச் சுருக்கிக் காட்டுகிறது. பிரேவ் தேர்ந்துகொண்டது இரண்டாவது வழி. அளக்கப்படும் சில மதிப்புகளில் சிறு மாற்றங்களைக் கலந்து, ஒவ்வொரு தளத்துக்கும், ஒவ்வொரு அமர்வுக்கும் வெவ்வேறு ரேகையை அது காட்டுகிறது. அத்தகைய உலாவி ஒரு சோதனைத் தளத்தில் தனித்துத் தெரியலாம். நாளை அதே ரேகை இராது என்பதால், அந்தத் தனித்தன்மையை வைத்துப் பின்தொடர முடியாது. தாங்கள் பிரேவ் வகை உலாவியைப் பயன்படுத்தியிருந்தால், சோதனைத் தளத்தின் தீர்ப்பைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. தீர்ப்புக்குக் கீழே உள்ள விவரங்களில், ரேகை தற்செயலாக மாற்றப்படுகிறது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தனியுரிமையில் ஆர்வம் மிகுந்தவர்கள், உலாவியில் சேர்க்கும் துணை நிரல்களான நீட்டிப்புகளில், தடுப்புக்கென உள்ள ஐந்தாறை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவி, மறைவான அமைப்புகளையும் மாற்றி வைக்கிறார்கள். அந்த அரிய சேர்க்கையே அவர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டிவிடக்கூடும். டோர் உலாவியில் புதிய நீட்டிப்புகளைச் சேர்க்க வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்வது இதனால்தான். மற்ற உலாவிகளிலும் நல்ல தடுப்பு நீட்டிப்பு ஒன்று போதும்.

கேள்வி: பிரேவ், ஃபயர்பாக்ஸ், டக்டக்கோ, லிப்ரவுல்ஃப் என்று பல பெயர்கள் சொல்லப்படுகின்றன. எதை நம்புவது? இலவசமாகத் தருபவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பதில்: தங்களுடைய இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே முதல் கேள்விக்கும் பாதி விடையாகும். உலாவியை உருவாக்கிப் பராமரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. பாதுகாப்பு ஓட்டைகள் இடைவிடாமல் கண்டறியப்படுகின்றன. அவற்றை உடனுக்குடன் அடைக்கப் பொறியாளர்கள் வேண்டும். அந்தச் செலவின் பெரும்பகுதியைத் தேடுபொறி ஒப்பந்தங்களே தாங்குகின்றன. சஃபாரியில் இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிப்பட்டது. முகவரிப் பட்டையில் நாம் தட்டும் சொற்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை அந்தத் தொகையிலிருந்து உணரலாம்.

ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருவாயிலும் பெரும்பங்கு கூகுளின் தேடுபொறி ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம் என்பதும், குரோமின் அடித்தளமான குரோமியத்தைச் சாராமல், பக்கங்களைக் காட்டுவதற்குக் கெக்கோ என்ற சொந்த இயக்கியைக் கொண்டது என்பதும் அதன் பெருமைகள். எனினும் 2025 பிப்ரவரியில் அது பயன்பாட்டு விதிமுறைகளை வெளியிட்டபோது, பயனரின் தரவை ஒருபோதும் விற்பதில்லை என்ற பழைய வாக்குறுதியின் சொற்களை நீக்கியது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது; சில நாள்களில் விதிமுறையின் வாசகம் திருத்தப்பட்டது. மோசில்லாவுக்குச் செல்லும் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை அமைப்புகளில் நிறுத்திவிடலாம். ஃபயர்பாக்ஸைத் தேர்பவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுவது நல்லது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக், பிரையன் பாண்டியுடன் சேர்ந்து 2015இல் தொடங்கிய நிறுவனம் பிரேவ். குரோமியத்தின் மீதே இது கட்டப்பட்டுள்ளது என்பதால் பெரும்பாலான தளங்கள் சிக்கலின்றி இயங்கும். பயனர் விரும்பி ஏற்றால் மட்டும் காட்டப்படும் விளம்பரங்கள், தேடுபொறி, நம் இணையத் தொடர்பை மறையாக்கித் தன் சர்வர் வழியே அனுப்பும் கட்டண வி.பி.என். சேவை ஆகியவை அதன் வருவாய் வழிகள். சில மின்னாணயத் தளங்களின் முகவரியைப் பயனர் தட்டும்போது, தனக்குத் தரகு கிடைக்கச் செய்யும் பரிந்துரைக் குறியீட்டைப் பிரேவ் தானே சேர்த்து நிரப்பியது 2020 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனத் தலைவர் அது தவறு என்று ஒப்புக்கொண்டு நீக்கினார். டக்டக்கோ உலாவி, பிற தளங்களில் இருந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பின்தொடர் நிரல்கள் சிலவற்றைத் தேடுபொறி ஒப்பந்தம் காரணமாகத் தடுக்காமல் விட்டிருந்ததை 2022 மே மாதத்தில் ஓர் ஆய்வாளர் கண்டறிந்தார். ஆகஸ்டில் அவற்றையும் தடுக்கத் தொடங்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

இவற்றையெல்லாம் எழுதுவது எதையும் நம்ப வேண்டாம் என்று சொல்வதற்காக அன்று. மூன்று நிகழ்வுகளிலும் வெளியார் கண்டுபிடித்தார்கள், பயனர்கள் கேள்வி எழுப்பினார்கள், நிறுவனங்கள் திருத்திக்கொண்டன. வெளியார் ஆராய்ந்து பார்க்க முடிவதையும், கேட்டதும் திருத்திக்கொள்வதையுமே நம்பகத்தன்மையின் அளவுகோலாக நான் கொள்கிறேன்.

லிப்ரவுல்ஃப் தன்னார்வலர்கள் பராமரிக்கும் உலாவி. ஃபயர்பாக்ஸிலிருந்து பயன்பாட்டுப் புள்ளிவிவர அனுப்பலை நீக்கி, விளம்பரங்களையும் பின்தொடர் நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்டிப்பைச் சேர்த்து, தடுப்புகளைக் கடுமையாக்கித் தருகிறார்கள். மூடும்போதெல்லாம் குக்கீகளை அழிப்பதால் ஒவ்வொரு முறையும் உள்நுழைய வேண்டியிருக்கும். சில தளங்களில் நேரம் உலகப் பொது நேரமாகத் தெரியும். இது கணினிக்கு மட்டுமே உண்டு.

எனவே என் பரிந்துரை இது. தொல்லையின்றி இன்றே தொடங்க விரும்புபவர்கள் பிரேவைத் தேர்ந்தெடுத்து, அதன் மின்னாணய வசதிகளை மறைத்துவிடலாம். குரோமியம் அல்லாத ஓர் இயக்கி உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது பக்கம். இணையத்தின் வழிமுறைகளைக் கூகுள் என்ற ஒரே விளம்பர நிறுவனம் தீர்மானிக்கும் நிலை தனியுரிமைக்கு நல்லதன்று என்பதே அதற்குக் காரணம்.

கேள்வி: புதிய உலாவிக்கு ஆர்வத்தோடு மாறினேன். சில தளங்களில் உள்நுழைய முடியவில்லை. நான் மனிதன்தானா என்று சோதிக்கும் படப் புதிர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கட்டணம் செலுத்தும் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. பழைய உலாவிக்கே திரும்பிவிட்டேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. தாங்கள் சந்தித்த இடர்கள் மூன்றுக்கும் காரணம் ஒன்றே அன்று. உள்நுழையும் வேலையைச் சில தளங்கள் வேறொரு முகவரியில் உள்ள சேவையிடம் ஒப்படைத்திருக்கின்றன. மூன்றாம் தரப்புக் குக்கீகள் தடுக்கப்பட்டதும், தாங்கள் அங்கே உள்நுழைந்த செய்தி இங்கே வந்து சேர்வதில்லை. கட்டணப் பக்கத்துக்குள் வங்கியின் சரிபார்ப்புச் சாளரம் ஒரு சட்டகமாகத் திறக்கும்போதும் இதுவே நேர்கிறது. படப் புதிர்களின் கதை வேறு. வந்திருப்பவர் மனிதர் என்று முடிவு செய்ய அந்தச் சேவைகள் பழைய குக்கீகளையும் உலாவியின் ரேகையையும் துணைக்கொள்கின்றன. இரண்டும் கிடைக்காதபோது ஐயம் கொண்டு மீண்டும் மீண்டும் கேட்கின்றன.

இவற்றுக்காக உலாவியையே கைவிட வேண்டியதில்லை. முகவரிப் பட்டையின் அருகே கேடயச் சின்னமோ, பிரேவில் சிங்கச் சின்னமோ இருக்கும். அதைத் தொட்டு, சிக்கல் தரும் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பைத் தளர்த்திப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். மற்ற தளங்களுக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கும். கட்டணம் செலுத்தும் நடுவில் இதைச் செய்தால் பரிமாற்றம் இருமுறை நடக்கும் ஆபத்து உண்டு என்பதால், பணம் செலுத்தத் தொடங்குவதற்கு முன்பே தளர்த்திவிடுங்கள்.

ஓர் உலாவியைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. பழைய உலாவியை நீக்காமல் வைத்துக்கொண்டு, முதலில் செய்தி வாசிப்பையும் தேடலையும் மட்டும் புதியதற்கு மாற்றுங்கள். பின்தொடர் நிரல்கள் மிகுதியாக இருப்பது இவ்வகைப் பக்கங்களில்தான், உள்நுழைய வேண்டிய தேவையோ மிகக் குறைவு. ஆகவே குறைந்த இடரில் நிறைந்த பயன் இங்கேதான் கிடைக்கும். அடுத்து மின்னஞ்சல், காணொளி, அலுவல் ஆவணங்கள் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். வங்கிப் பணியையும் அரசுத் தளங்களையும் கடைசியில் மாற்றலாம். மாற்றாமல் பழைய உலாவியிலேயே வைத்துக்கொண்டாலும் குறையில்லை. இரண்டு உலாவிகளின் குக்கீகளும் தனித்தனியே இருப்பதால், ஒன்றில் நிகழ்ந்ததை மற்றொன்றில் நிகழ்ந்ததோடு குக்கீ வழியாக இணைக்க முடியாது. எந்தத் தளத்துக்குத் தளர்த்தினோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், அந்தப் பட்டியல் நாம் அஞ்சியதைவிடச் சிறியதாக இருப்பதைக் காண்பீர்கள். மிகக் கடுமையான உலாவியை நிறுவிச் சில நாள்களில் கைவிடுபவரைவிட, மிதமான ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்துபவரே நன்கு காக்கப்படுகிறார்.

கேள்வி: கடவுச்சொற்களையும் புக்மார்க்குகளையும் புதிய உலாவிக்கு எப்படிக் கொண்டுசெல்வது?

பதில்: புக்மார்க்குகளைப் புதிய உலாவியின் இறக்குமதி வசதியே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொற்களைப் பெரும்பாலும் சி.எஸ்.வி. எனப்படும் எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் அனைத்தும் எவ்வித மறையாக்கமும் இன்றி, திறந்தால் யாரும் படிக்கக்கூடிய எழுத்துகளாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சேர்த்து முடித்ததும் கோப்பை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். மேகச் சேமிப்போடு இணைந்த கோப்புறையில் அதை ஒருபோதும் வைக்க வேண்டாம். உலாவியைச் சாராத தனிக் கடவுச்சொல் மேலாளருக்கு மாறிவிட்டால், இனி எந்த உலாவிக்குச் சென்றாலும் இந்த வேலை மீண்டும் வராது.

கேள்வி: குரோமில் பல ஆண்டுகளாக யூபிளாக் ஆரிஜின் வைத்திருந்தேன். திடீரென்று அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஏன்?

பதில்: நீட்டிப்புகள் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிமுறையைக் குரோம் மாற்றியதே காரணம். பழைய முறையில், ஒவ்வொரு வலைக் கோரிக்கையும் வெளியே செல்லும் முன் நீட்டிப்பு அதைப் பார்த்துத் தடுக்க முடிந்தது. மேனிஃபெஸ்ட் வி3 எனப்படும் புதிய முறையில், நீட்டிப்பு ஒரு விதிப்பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும். தடுக்கும் வேலையை உலாவியே செய்யும். எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் அதிகாரம் தீய நீட்டிப்புகளின் கையில் கிடைப்பதைத் தடுக்கவே இம்மாற்றம் என்று கூகுள் விளக்கியது. அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நல்ல தடுப்பான்களின் கையும் அதனால் கட்டப்பட்டது. 2024, 2025 ஆண்டுகளில் பழைய முறை நீட்டிப்புகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய வடிவம் குரோமில் இயங்குகிறது. முழு வடிவம் வேண்டுமானால் ஃபயர்பாக்ஸில் கிடைக்கும், அதன் ஆண்ட்ராய்டு பதிப்பிலும்கூட. பிரேவின் தடுப்பான் நீட்டிப்பாக இல்லாமல் உலாவிக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இம்மாற்றம் அதைப் பாதிக்கவில்லை.

கேள்வி: ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே இருப்பது சஃபாரிதான் என்கிறார்களே?

பதில்: பக்கங்களைக் காட்டும் இயக்கியாகச் சஃபாரியின் வெப்கிட்டையே எல்லா உலாவிகளும் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் விதி என்பதால், பெரும்பாலான நாடுகளில் இது சரி; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் ஆப்பிள் இந்த விதியைத் தளர்த்தியது. ஆயினும் தடுப்புப் பட்டியல்கள், இயல்பான தேடுபொறி, தரவைச் சட்டென்று அழிக்கும் வசதி ஆகியவற்றில் உலாவிக்கு உலாவி வேறுபாடு உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் சஃபாரியிலேயே நல்ல தடுப்பு நீட்டிப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலும் போதுமானது.

கேள்வி: டோர் உலாவியை அன்றாடம் பயன்படுத்தலாமா? இணையச் சேவை நிறுவனமும் நம்மைப் பார்க்கக் கூடாது என்றால் அதுதானே வழி?

பதில்: டோர், நம் தொடர்பை மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாக, அடுக்கடுக்கான மறையாக்கத்துடன் அனுப்புகிறது. முதல் கணினிக்கு நாம் யார் என்பது தெரியும், எங்கே செல்கிறோம் என்பது தெரியாது. கடைசிக் கணினிக்குச் செல்லுமிடம் தெரியும், நாம் யார் என்பது தெரியாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த கருத்து இது. செய்தியாளர்கள், ஆபத்தான சூழலில் தகவல் சொல்ல விரும்புபவர்கள், தணிக்கைக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இது இன்றியமையாத கருவி. அன்றாட வேலைக்கு வேகம் குறைவு. படப் புதிர்களும் மிகுதி. டோர் வழியாகச் சென்று சொந்தப் பெயரில் உள்நுழைந்தால், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை மறைப்பு வீணாகிவிடும்.

சேவை நிறுவனத்தின் பார்வையை மட்டும் குறைக்க விரும்பினால், உலாவி அமைப்புகளில் டி.என்.எஸ். வினவல்களை எச்.டி.டி.பி.எஸ். வழியே அனுப்பும் வசதியை இயக்கலாம். 2018இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் வினவலை மறையாக்குகிறது. ஆனால் இணைப்பு தொடங்கும் கணத்தில் தளத்தின் பெயர் பல இடங்களில் இன்னும் திறந்தே செல்கிறது என்பதால் இது பாதித் தீர்வே. வி.பி.என். பயன்படுத்தினால் சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்து விலகி, வி.பி.என். நிறுவனத்தின் கண்ணுக்குள் வருகிறோம். அந்த நிறுவனத்தை எவ்வளவு நம்புகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கேள்வி: அலுவலகக் கணினியில் தனியுரிமை உலாவியை நிறுவினால் மேலதிகாரிகளுக்கு எதுவும் தெரியாது அல்லவா?

பதில்: தெரியக்கூடும். கணினியே அவர்களுடைய நிர்வாகத்தில் இருக்கும்போது, உலாவிக்கு அடியில் இருக்கும் கண்காணிப்பு மென்பொருளை உலாவி தடுக்க முடியாது. சொந்த வேலைகளைச் சொந்தக் கைபேசியில், சொந்த இணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொழில்நுட்பம் அறியாத என் பெற்றோரின் கைபேசியில் இத்தகைய உலாவியை வைத்துக் கொடுக்கலாமா? அவர்களுக்குக் குழப்பமாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: தயங்காமல் செய்யுங்கள். இந்த உலாவிகளால் மிகுந்த பயன் பெறுபவர்கள் அவர்களாகவே இருக்கலாம். "உங்கள் கைபேசியில் வைரஸ்" என்று அச்சுறுத்தும் விளம்பரமும், பதிவிறக்கப் பொத்தான்போல் வேடமிட்ட விளம்பரமும், தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் போலி வாடிக்கையாளர் சேவைப் பக்கமும் அனுபவம் குறைந்தவர்களையே எளிதில் சிக்கவைக்கின்றன. நிறுவனங்களின் பெயரில் தேடல் விளம்பரம் கொடுத்து மோசடி செய்பவர்களைப் பற்றி 2022 டிசம்பரில் எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பு நீட்டிப்பைப் பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது.

புதிய உலாவியை இயல்பான உலாவியாக அமைத்து, முகப்புத் திரையில் பழையது இருந்த அதே இடத்தில் அதன் சின்னத்தை வையுங்கள். அவர்கள் வழக்கமாகச் செல்லும் தளங்களைத் தாங்களே முதலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தளர்த்த வேண்டியவற்றை முன்கூட்டியே தளர்த்திவிடுங்கள். எழுத்தின் அளவையும் அப்போதே பெரிதாக்கிவிடலாம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய பதிப்பிலேயே நின்றுவிட்ட தனியுரிமை உலாவி, புதுப்பிக்கப்பட்ட சாதாரண உலாவியைவிட ஆபத்தானது. ஏதேனும் ஒரு பக்கம் சரியாகத் திறக்காவிட்டால் பழைய உலாவியில் திறந்து பார்க்கும்படி சொல்லி வையுங்கள். அது எந்தப் பக்கம் என்று தங்களிடம் சொன்னால் போதும், அடுத்த முறை செல்லும்போது சரிசெய்து கொடுத்துவிடலாம்.